அசையும் சித்திரங்களும் கைப்பேசியும்

1898ஆம் ஆண்டில் கல்கத்தா நகரத்துச் சிறியதோர் ஆய்வுக்கூடத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஆராய்ந்து வந்தார். பறவைகளைத் தாக்கும் மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, பின்னர் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கொசு கடிக்கும்போது வேறொரு பறவையின் உடலுக்குள் புகுகின்றது என்பதை அவர் அங்கே ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டினார். மலேரியா பற்றிய ஆராய்ச்சிக்காக 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இதனை இன்று ஓர் ஆசிரியர் வகுப்பில் கற்பிக்க வேண்டும், அல்லது ஒரு சுகாதார ஊழியர் கிராமத்தாருக்கு விளக்க வேண்டும் எனக் கொள்வோம். கிருமியோ கண்ணுக்குப் புலப்படாதது. கொசுவின் உடலில் அது முதிர்ச்சி பெறுவதற்குச் சுமார் பத்து நாட்களோ அதற்கு மேலுமோ ஆகும். மைக்ராஸ்கோப் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. இருந்தாலும் பத்து நாள் நிகழ்ச்சியை நாற்பது நிமிட வகுப்பில் அதன் வழியே காட்ட இயலாது. கரும்பலகையில் வரையும் படம் அசைவதில்லை. இத்தகைய பாடங்களுக்கு மிகவும் ஏற்ற சாதனம் அனிமேஷன் எனப்படும் அசையும் சித்திரமே ஆகும்.

சென்ற இருபத்தைந்து ஆண்டுகளில் இத்தகைய சித்திரங்கள் பல மொழிகளில் தயாரிக்கப்பட்டன. சில குறுந்தகடுகளில் வந்தன. சில இணையத்தில் வந்தன. ஆயினும் அவற்றுள் பல இன்று திறப்பதே இல்லை. முன்னர்க் கணிப்பொறியில் தங்குதடையின்றி ஓடிய பாடம், ஆசிரியர் கையிலுள்ள ஸ்மார்ட்போனில் ஓட மறுக்கின்றது. இதற்குக் காரணம் யாது? அதனைச் சாதாரண வீடியோவாக மாற்றுவது எங்ஙனம்? மாற்றும்போது கிடைப்பது என்ன, கைநழுவுவது என்ன? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கல்கத்தாவில் கண்ட தொடக்கங்கள்

அசையும் சித்திரம், கைப்பேசி ஆகிய இரண்டின் இந்திய வரலாற்றிலும் கல்கத்தாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1934ஆம் ஆண்டில் அந்நகரத்து நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 'தி பீ பிரதர்ஸ்' என்னும் அசையும் சித்திரத்தை வெளியிட்டது. நம் நாட்டில் உருவான முதற் சித்திரப் படங்களுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் ஒவ்வொரு தனிப்படத்தையும் கையால் வரைந்து, காமிராவின் முன் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தனர். பேசும் படச்சுருளில் ஒரு வினாடிக்கு 24 தனிப்படங்கள் ஓடும். ஒரே வரைபடத்தை இரு முறை பதிவு செய்தாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள் வரைந்தாக வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி 1995ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31ஆம் நாள் நடைபெற்றது. அன்று கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியிற் பேசினார். இந்தியாவில் பேசப்பட்ட முதற் கைப்பேசி உரையாடல் அதுவே. அந்தக் கருவியால் குரலை மட்டுமே கொண்டு செல்ல முடிந்தது. ஆறே ஆண்டுகளில், 2001ஆம் ஆண்டில், அந்நகரம் கொல்கத்தா எனப் பெயர் மாறியது. கைப்பேசியும் வெகு விரைவில் குரலோடு படத்தையும் சுமக்கும் கருவியாக வளர்ந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது அக்கருவியே பலருக்கு வகுப்பறையாயிற்று. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் டாப்லெட் அல்லது ஸ்மார்ட்போன் வாங்கிக் கொள்வதற்காகத் தலைக்கு 10,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. மாணவர் கைக்குக் கருவி வந்து சேர்ந்த அதே நாட்களில், பழைய அசையும் பாடங்களுட் பெரும்பகுதி உலகெங்கும் செயலிழந்து போனது வியப்பான ஒரு பொருத்தமாகும்.

சித்திரம் நின்றுபோன காரணம்

அப்பாடங்களுட் பல, ஃபிளாஷ் என்னும் முறையில் ஆக்கப்பட்டவை. 1996ஆம் ஆண்டில் தோன்றிய இம்முறை, குறைந்த செலவில் அசைவையும் ஒலியையும் சேர்த்துத் தர வல்லதாக இருந்தமையால் பாடம் தயாரிப்போரிடையே மிகுதியும் பரவியது. அதில் ஆக்கிய கோப்பின் பெயர் எஸ்.டபிள்யூ.எஃப். என்னும் எழுத்துக்களுடன் முடியும். இக்கோப்பு தானாக ஓடாது. ஃபிளாஷ் பிளேயர் என்னும் மென்பொருள் உடனிருந்தால் மட்டுமே ஓடும்.

2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோனில் அந்த மென்பொருளுக்குத் தொடக்கம் முதலே இடமளிக்கப்படவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் புதிதாக அதனை நிறுவும் வசதி 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிறுத்தப்பட்டது. பாதுகாப்புக் குறைகள் மலிந்திருந்தமையாலும் வேறு முறைகள் தோன்றிவிட்டமையாலும், அதனை வெளியிட்டு வந்த அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் ஆதரவை நிறுத்திக் கொண்டது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் முதல் பிளேயர் தானே பாடங்களை ஓட்ட மறுக்கலாயிற்று. பாடங்கள் அழிந்துவிடவில்லை, அவற்றைப் படித்துக் காட்டும் கருவிதான் மறைந்தது.

கோலக் குறிப்பும் கோலமும்

இவ்வேறுபாட்டைப் புரிந்து கொள்ளக் கோலத்தை எண்ணிப் பார்ப்பது உதவும். 'பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை, இழை இப்படி வளைந்து வர வேண்டும்' என்று எழுதி வைத்திருப்பது ஒரு வகை. வாசலிற் போட்டு முடித்த கோலத்தைப் புகைப்படம் எடுத்து வைத்திருப்பது மற்றொரு வகை. குறிப்பு சிறிய தாளில் அடங்கும். அதைக் கொண்டு கோலத்தைச் சிறிதாகவும் போடலாம், தெருவை அடைத்துப் பெரிதாகவும் போடலாம். ஆனால் கோலம் போடத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். புகைப்படத்திற்கு அத்தகையவர் தேவையில்லை. கண் உள்ள எவரும் காணலாம். ஆயின் அதனைப் பெரிதாக்கினால் இழை மங்கிப் போகும்.

ஃபிளாஷ் கோப்பு கோலக் குறிப்பைப் போன்றது. 'இந்த வளைகோடு, இந்த நிறம், இந்த இடத்திலிருந்து அந்த இடத்திற்கு இத்தனை வினாடியில் நகர்க' என்னும் கட்டளைகளே அதில் உள்ளன. வீடியோவோ வரைந்து முடித்த தனிப்படங்களின் வரிசை. கட்டளைகளை ஒரு முறை நிறைவேற்றி, விளைந்த படங்களை வரிசையாகப் பதிவு செய்து வைப்பதே மாற்றுதல் எனப்படும். 1934இல் காமிராவின் முன் நடைபெற்ற வேலைதான் இன்று கணிப்பொறிக்குள் நடைபெறுகின்றது.

மலையைச் சிமிழில் அடைத்தல்

படங்களை அப்படியே பதிவு செய்தால் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அகலத்தில் 1,280 புள்ளிகளும் உயரத்தில் 720 புள்ளிகளும் கொண்ட ஒரு தனிப்படத்தில் 9,21,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க மூன்று பைட் தேவை. ஒரு வினாடிக்கு 24 படங்கள் எனில் 6,63,55,200 பைட் ஆகின்றன. மூன்று நிமிடப் பாடத்திற்கு ஏறத்தாழ 12 கிகாபைட் இடம் வேண்டும். கிராமத்து ஊழியரின் கைப்பேசி இதனைத் தாங்காது. எனவே சுருக்குதல் இன்றியமையாததாகின்றது. அது மூன்று உண்மைகளைத் துணையாகக் கொண்டு நடைபெறுகின்றது.

முதலாவதாக, அடுத்தடுத்த படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். கொசு பறந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் அமரும் காட்சியில் தொட்டியும் சுவரும் மாறுவதில்லை. எனவே முதற் படத்தை முழுமையாகவும், பின்வரும் படங்களில் மாறிய பகுதியை மட்டும் பதிவு செய்தால் போதும். இரண்டாவதாக, மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாகவும் நிறத்தின் ஏற்றத்தாழ்வைச் சற்று மந்தமாகவும் உணர்கின்றது. ஆகையால் ஒளியைப் புள்ளிதோறும் குறித்துவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒரு முறை குறித்தால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றுவது அரிது. கோப்பின் அளவோ பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது உண்மையைப் பயன்படுத்தும் கணித முறைக்கு வழிகாட்டியவருள் நம் நாட்டவர் முதன்மையானவர்கள். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த நசீர் அகமது, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் பகுதியையும் விரைந்து மாறும் பகுதியையும் பிரித்தறியும் முறையொன்றை 1972ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அவர் கேட்ட ஆராய்ச்சி நிதி அப்போது மறுக்கப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974ஆம் ஆண்டு ஜனவரியில் அம்முறையை வெளியிட்டார். கண்ணுக்கு அதிகம் புலப்படாத பகுதிகளைச் சுருக்கமாகக் குறிப்பதற்கு அது வழிவகுத்தது. இன்று கைப்பேசியில் காணும் புகைப்படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் அம்முறையையோ அதன் வழிவந்த முறைகளையோ சார்ந்தவை.

இம்மூன்றின் துணையால், வினாடிக்கு 1,25,000 பைட் என்னும் அளவில் பதிவு செய்தாலும் சாதாரணப் பாடச் சித்திரம் தெளிவாகவே இருக்கும். மூன்று நிமிடப் பாடம் 22.5 மெகாபைட்டில் அடங்கிவிடும். இது முதற்கணக்கில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

மாற்றும் முறை

மாற்றும் பணியை மேற்கொள்வோர் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நன்று.

முதற்கண், மூலக் கோப்பைப் பிரதி செய்து வேறிடத்திற் பத்திரப்படுத்த வேண்டும். பாடத்தின் உரிமை எவருடையதென்று அறிந்து, தேவையான இசைவையும் பெற வேண்டும். அடுத்து, பாடத்தைக் கணிப்பொறியில் ஒரு முறை முழுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்காகப் பழைய ஃபிளாஷ் பிளேயரை எங்கிருந்தேனும் தேடி எடுத்து நிறுவுதல் கூடாது. அதன் பாதுகாப்புக் குறைகளை இப்போது எவரும் திருத்துவதில்லை. ரஃபிள் என்னும் இலவச மென்பொருள் பழைய கோப்புகளைத் தீங்கின்றி ஓட்டிக் காட்டுகின்றது. சிக்கலான சில கோப்புகள் அதில் சரிவர ஓடாமற் போகலாம்; பெரும்பாலான எளிய பாடங்கள் நன்கு ஓடும்.

பாடம் ஓடும்போது அது எங்கெங்கே நின்று மாணவரின் விடைக்காகக் காத்திருக்கின்றது என்பதைத் தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். இடையே நில்லாது ஓடும் பாடத்தை மாற்று மென்பொருளிடம் நேரடியாக ஒப்படைக்கலாம். நின்று நின்று ஓடும் பாடத்தை அவ்வாறு ஒப்படைத்தால், அது முதல் நிறுத்தத்திலேயே உறைந்துவிடும், அல்லது நிறுத்தங்களைப் பொருட்படுத்தாமல் கேள்வியும் விடையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிவிடும். அத்தகைய பாடத்தை ஒருவர் முறையாக இயக்கிச் செல்ல, திரையில் தோன்றுவதை ஓ.பி.எஸ். போன்ற இலவச மென்பொருளால் பதிவு செய்வதே தக்க வழி.

பதிவு செய்யும்போது சித்திரத்தைப் பெரிதாக விரித்துக் கொள்ள வேண்டும். பழைய ஃபிளாஷ் பாடங்கள் பல 550க்கு 400 என்னும் அளவில் ஆக்கப்பட்டவை. கட்டளை வடிவில் இருக்கும் வரை அவற்றின் கோடுகள் எவ்வளவு விரித்தாலும் மங்குவதில்லை. 990க்கு 720 என விரித்துப் பதிவு செய்தால் கோடுகள் கூர்மையாக நிற்கும். சிறிதாகப் பதிவு செய்துவிட்டுப் பின்னர்ப் பெரிதாக்கினால் புகைப்படக் கோலத்தின் கதியே நேரும்.

கைப்பேசியின் திரை அகன்றது. பழைய பாடத்தின் வடிவம் சதுரத்தை ஒட்டியது. திரையை நிரப்ப வேண்டும் என்னும் ஆசையால் படத்தைப் பக்கவாட்டில் இழுத்தல் தவறு. இழுத்தால் பூகோளம் கோழி முட்டையாகிவிடும். மாணவர் அதனையே மெய்யென்று கொள்ளவும் கூடும். 1,280 புள்ளி அகலத்தில் 990 போக எஞ்சிய 290 புள்ளிகளை இருபுறமும் 145 வீதம் கருமையாக விட்டுவிடுதலே முறை. இங்கே கூறப்பட்ட நீள அகலங்கள் யாவும் இரட்டைப்படை எண்களாயிருப்பதைக் காணலாம். நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் எனக் குறிப்பதால், அளவு ஒற்றைப்படையாக இருப்பின் பல மென்பொருள்கள் மாற்ற மறுத்துவிடும். காரணம் தெரியாமல் பலர் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். வினாடிக்கு 12 படங்களாக ஆக்கிய சித்திரத்தை 24ஆக மாற்றினால் ஒவ்வொரு படமும் சரியாக இரு முறை வரும். 25ஆக மாற்றினால் ஒரு படம் மட்டும் மூன்று முறை வந்து, வினாடிதோறும் அசைவில் சிறு தடுக்கல் தோன்றும்.

முடிவில், கோப்பை எம்.பி.4 என்னும் வகையில், படத்தை எச்.264 முறையிலும் ஒலியை ஏ.ஏ.சி. முறையிலும் அமைத்துச் சேமிக்க வேண்டும். எம்.பி.4 என்பது பெட்டியின் பெயர், எச்.264 என்பது உள்ளிருக்கும் பொருளைக் கட்டிய முறையின் பெயர். 2003ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இம்முறையை விலை குறைந்த ஸ்மார்ட்போன்களும் அறியும். பெட்டி ஒன்றாயிருந்தும் உள்ளே கட்டிய முறை வேறாயிருப்பின், ஒரு கைப்பேசியில் ஓடும் வீடியோ மற்றொன்றில் ஓடாது. இவ்வேலைகளைச் செய்ய எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றது.

எழுத்தும் ஒலியும்

யூனிகோடு முறை பரவுவதற்கு முன் ஆக்கப்பட்ட தமிழ்ப் பாடங்களும் வங்காளப் பாடங்களும் தத்தமக்குரிய தனி எழுத்துருக்களை நம்பியிருந்தன. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் மூலக் கோப்பைத் திறந்தால் எழுத்துக்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றக்கூடும். வீடியோவில் எழுத்தும் படத்தின் ஒரு பகுதியாகி விடுவதால் இத்தொல்லை ஒழிகின்றது. ஆனால் பிழை இருப்பின் அதுவும் நிலைத்துவிடும். எனவே மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

எழுத்தின் அளவு அடுத்த சிக்கல். 52 சென்டிமீட்டர் அகலக் கணிப்பொறித் திரையில் 6 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து, 13 சென்டிமீட்டர் அகலக் கைப்பேசித் திரையில் ஒன்றரை மில்லிமீட்டராகக் குறுகிவிடும். அதனைப் பின்வரிசைச் சிறுவனால் படிக்க முடியாது. மூலத்தைத் திருத்த இயலுமானால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். இயலாவிடில், எழுதியிருப்பதைத் தெளிவான குரலிற் படித்து ஒலியாகச் சேர்க்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பின்னணி இசை குரலை விழுங்கிவிடுமாதலால் இசையை அடக்கி வைத்தலே நலம்.

இழப்பும் ஈடும்

இம்மாற்றத்தில் உண்மையான இழப்பு ஒன்று உண்டு. மூலப் பாடத்தில் மாணவன் பொத்தானை அழுத்திக் கொசுவின் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். தவறான விடையைத் தொட்டால் 'மீண்டும் முயல்க' என்னும் சொல் தோன்றும். வீடியோவில் அவன் கைக்கு வேலையில்லை. கேட்டுத் திருத்திய பாடம், காட்டி முடிக்கும் பாடமாகச் சுருங்கிவிடுகின்றது.

இதனை ஈடு செய்ய வல்லவர் ஆசிரியரே. முன்னர்க் குறித்து வைத்த நிறுத்தங்கள் இங்கே பயன்படுகின்றன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேள்வியைத் திரையில் ஐந்து வினாடி நிற்குமாறு பதிவு செய்தால், ஆசிரியர் அங்கே வீடியோவை நிறுத்தி, 'கிருமி இனி எங்கே செல்லும்?' என்று கேட்டு, விடைகளைப் பெற்ற பின் தொடரலாம். பொத்தானிடம் இருந்த வேலை ஆசிரியரிடம் திரும்பி வருகின்றது. ஒரு வகுப்பில் ஒரே கைப்பேசி இருக்குமாயின், மாணவரைச் சிறு குழுக்களாக அமர்த்தி முறைவைத்துக் காட்டுதல் நாற்பது பேரையும் ஒருங்கே குவிப்பதினும் பயன் தரும்.

இவ்வழி வெளிநாடுகளிலும் பயன்பட்டுள்ளது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'எல்லைகளற்ற விஞ்ஞான அசைவுச் சித்திரங்கள்' என்னும் திட்டம், வேளாண்மையும் சுகாதாரமும் பற்றிய சிறு சித்திரங்களைக் கைப்பேசியில் ஓடும் வீடியோக்களாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளிற் குரல் சேர்த்து வழங்கி வருகின்றது. மொசாம்பிக் நாட்டில் அவரை விதையைக் காற்றுப் புகாத கலத்தில் சேமிக்கும் முறையை உழவர்கள் இத்தகைய வீடியோவின் மூலம் கற்றனர். ஒரே சித்திரத்திற்கு மொழி மட்டும் மாற்றினால் போதும் என்பது இம்முறையின் பெரும் சிக்கனமாகும். வங்காளத்தில் ஆக்கிய கொசுப் பாடத்திற்குத் தமிழ்க் குரல் சேர்த்தால் அது தஞ்சைக்கும் பாடமாகும்.

சட்டைப்பையில் ஒரு கண்காட்சி

1965ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம், விஞ்ஞானக் கருவிகளை வண்டியில் ஏற்றி நகருக்கு வெளியேயுள்ள பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அருங்காட்சியகத்திற்கு வர இயலாத மாணவரிடம் அருங்காட்சியகமே செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. முறையாக மாற்றிய ஒரு வீடியோவும் அத்தகையதே. அது நினைவகச் சிப்பில் அடங்கும். இணையம் இல்லாத ஊரிலும் ஓடும். ஓர் ஊழியரிடமிருந்து மற்றவருக்குச் செலவின்றிச் செல்லும்.

ஆதலின் களப் பணியாளரும் ஆசிரியரும் தம் அலுவலக அலமாரிகளிலும் பழைய கணிப்பொறிகளிலும் கிடக்கும் குறுந்தகடுகளை இப்போதே எடுத்துப் பார்த்தல் வேண்டும். குறுந்தகடும் நாளடைவிற் பழுதாகும். அதனைப் படிக்கும் கருவியும் அருகி வருகின்றது. மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை எறிந்துவிடலாகாது. பெரிய திரைக்கோ புதியதொரு கருவிக்கோ நாளை மீண்டும் மாற்ற நேரிடின் குறிப்பு இருந்தால்தான் கோலத்தைப் புதிதாகப் போட முடியும். மாற்றிய வீடியோவை வகுப்பிற்கு எடுத்துச் செல்லும் முன், கிடைப்பதில் மிக எளிய கைப்பேசி ஒன்றில், வெளிச்சமான இடத்தில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்குக் கொசுவும் கிருமியும் தெரிந்து, குரலும் கேட்குமாயின் வேலை முடிந்தது எனக் கொள்ளலாம்.